மூன்றாம் உபசாரம்

போகிறேன், போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருப்பவர்கள் ஒரு தனி இனம். நீங்கள் இவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, "அப்ப நான் கெளம்பட்டுமா" என்று எழுந்து, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறு காலை வாசற்படியிலேயே ஊன்றியபடி, அண்ணன் மகள் கல்யாணத்திலிருந்து அடுத்த தேர்தல்வரை பேசி முடித்து, கதவைச் சாத்தலாமா என்று நீங்கள் தாழ்ப்பாளைத் தொடும் நேரத்தில் "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார்களே, அவர்கள்தான். சங்கத்தில் செயலாளராக இருப்பார்கள். கோயில் கமிட்டியில் தலைவராக இருப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்குப் பொறுப்பாளராக இருப்பார்கள். வருஷா வருஷம் பதவியிலிருந்து விலகுவார்கள். வருஷா வருஷம் அதே நாற்காலியில் இருப்பார்கள். எப்படி என்று கேட்கிறீர்களா? அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது.

இந்த இனத்தின் கன்றுகள் எங்கும் முளைக்கும். ஓங்கி வளர்ந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு ஓரத்துக்கு, எங்கள் ஹாலிங்ஸ்டாட் ஊருக்கு வர வேண்டும். காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றத்தில் எங்கள் தொகுதியின் உறுப்பினர் செல்மர் கிரிண்டால். 'இருந்தவர்' என்று சொல்ல வேண்டும். வாய் இன்னும் பழகவில்லை.

எங்கள் ஊரில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டும் தெரியாவிட்டால் செல்மரைப் புரிந்துகொள்ள முடியாது. முதலாவது, எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை, "இவ்வளவு சொல்றப்ப எப்படி மறுக்கறது, ஒரு சின்னத் துண்டு மட்டும்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் உபசாரத்திலேயே கை நீட்டுகிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். நம் பந்தியில் "போதும் போதும்" என்றபடியே கையை இலைக்கு மேல் பிடித்து, பாயசம் விழுவதற்கு விரல்களுக்கு நடுவே வழி விடுவோமே, அதே வித்தைதான். இரண்டாவது வழக்கம், விடைபெறுவது. உட்கார்ந்தபடியே இரண்டு முழங்காலையும் உள்ளங்கையால் தட்டி, "சரி, அப்படின்னா" என்று சொன்னால் கிளம்புகிறார் என்று அர்த்தம். அதற்கப்புறம் மேஜையருகே கொஞ்சம், கோட்டு மாட்டுமிடத்தில் கொஞ்சம், வாசலில் கொஞ்சம், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்சம் என்று பேசி முடித்துத்தான் வண்டி நகரும்.

செல்மர் செய்ததெல்லாம் இந்த இரண்டு வழக்கங்களையும் சேர்த்துப் பிசைந்து ஒரு அரசியல் வாழ்க்கையாக்கியதுதான். மற்றவர்கள் அதற்குக் கொள்கை, கோஷம் என்று எவ்வளவு செலவழிக்கிறார்கள், பாருங்கள்.

அவர் முதன்முதலில் நின்றபோது தலை நிறைய முடி இருந்தது, கை நிறையத் துண்டறிக்கை இருந்தது. பழைய உறுப்பினர் கிழடு தட்டிப்போய் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் பிரசாரம். துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் ஒரே வாக்குறுதி: 'மூன்று தவணை மட்டும். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவேன்.' ஒரு தவணை என்பது இரண்டு வருஷம். ஜனங்கள் உச்சி குளிர்ந்து அனுப்பிவைத்தார்கள். அன்று கிழடு என்று திட்டப்பட்டவரைவிட இன்று செல்மருக்கு வயது அதிகம். துண்டறிக்கை மட்டும் இளமை மாறாமல் வரலாற்றுச் சங்கத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

மூன்றாம் தவணை முடிவதற்கு முந்திய வருஷம் அக்டோபரில், லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் விருந்து. மீன் என்றதும் நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். இது லூட்டெஃபிஸ்க். காய்ந்த மீனை, சோப்புக் காய்ச்சுகிற காரநீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு தண்ணீரில் அலசி அலசி வேகவைத்தால், மீனும் இல்லாமல் பசையும் இல்லாமல் தட்டில் நடுங்கிக்கொண்டு கிடக்கும். மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றி மானத்தை மறைப்பார்கள். நார்வேயிலிருந்து வந்த முன்னோர்கள் வேறு வழியில்லாமல் தின்றதைப் பேரப்பிள்ளைகள் பக்தியோடு தின்கிறார்கள். செல்மருக்கு அதைக் கண்டாலே குமட்டும். ஆனால் தொகுதியில் எத்தனை தேவாலயமோ அத்தனை விருந்து. ஓட்டு வாங்குகிறவன் வயிற்றைக் கேட்டா வாங்க முடியும்?

அந்த விருந்தில் செல்மர் முழங்காலைத் தட்டினார். "சரி, அப்படின்னா. சொன்ன சொல்லக் காப்பாத்தணும் இல்லையா? நான் வீட்டுக்கு வந்துடறேன்" என்றார். அன்றைக்கு உண்மையாகவே சொன்னாரோ என்னவோ. மீன் தட்டோடு நின்றிருந்தவர் ஆர்லிஸ் மோன்சன். தேவாலய அடுக்களையின் ராணி. செல்மரோடு ஒரே வகுப்பில் வேதபாடம் படித்தவர். அவர் கீழ்த்தளத்தில் ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தொகுதி முழுக்கப் பரவிவிடும்.

"அதெல்லாம் வேண்டாம், செல்மர். நீயே நில்லு" என்றார் ஆர்லிஸ்.

"இல்ல ஆர்லிஸ், வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்க யாரு கேட்டா? நாங்க கேக்கல. நில்லு."

"எனக்கு மனசு ஒப்பல."

"எங்களுக்காக நில்லுன்னு சொல்றேன்."

"இவ்வளவு சொல்றப்ப எப்படி மறுக்கறது? ஒரே ஒரு தவணை மட்டும்" என்றார் செல்மர். ஒரு சின்னத் துண்டு மட்டும் என்று சொல்லும் அதே குரல்.

அந்தச் சின்னத் துண்டை அவர் முப்பது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அக்டோபரில் அதே கீழ்த்தளம், அதே முழங்கால், ஆர்லிஸின் அதே மூன்று உபசாரம். எதிர்த்து நிற்க யாராவது துணிந்தால், "பாவம், மனுஷன் போறேன்னுதானே சொன்னாரு, நாமதானே புடிச்சு வச்சோம்" என்று ஊரே அவர்மேல் பாயும். போகிறேன் என்று நிற்கிறவனை எப்படி ஐயா வெளியே தள்ளுவது?

வாஷிங்டனில் அவர் வீடு வாங்கவில்லை. அறைகூட வாடகைக்கு எடுக்கவில்லை. அலுவலகச் சோஃபாவில் படுத்து, உறுப்பினர்களுக்கான உடற்பயிற்சிக் கூடத்தில் குளித்து, காலையில் போர்வையை மடித்து அலமாரியில் திணித்துவிட்டு ஜனங்களைச் சந்திப்பார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தோல் பெட்டி எப்போதும் தயாராக நிற்கும். தொகுதியிலிருந்து பாலாடைக்கட்டிக்காரர்களோ பள்ளிக்கூடப் பிள்ளைகளோ வந்தால் அதைக் காட்டுவார்.

"அந்தப் பெட்டியப் பாத்தீங்களா? ஜனங்க போதும்னு சொல்ற அன்னைக்கே தூக்கிட்டுக் கெளம்பிருவேன்."

பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அவருடைய உதவியாளர் லைல் ஒருநாள் தூசி தட்டும் சாக்கில் அதைத் திறந்து பார்த்தார். யானைக் காது அகலத்துக்குக் காலர் வைத்த இரண்டு சட்டை, எப்போதோ நிறுத்தப்பட்ட ரயிலின் கால அட்டவணை, பூச்சி உருண்டை. லைல் சத்தம் போடாமல் மூடிவைத்துவிட்டார். நல்ல உதவியாளர்.

அத்தனை வருஷம் அங்கே என்னதான் செய்தார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. காலை வேளையில் ஆளில்லாத சபையில் எழுந்து நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து "என் அன்புக்குரிய சக உறுப்பினர்களே" என்று கைநீட்டி, நூறு வயதான பாட்டியையும் மாநிலப் போட்டியில் பரிசு பெற்ற பசுவையும் ஒரே மூச்சில் பாராட்டுவார். 'மரியாதைக்குரிய என் நண்பர்' என்று யாரையாவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள். சபையின் குழுவில் மூப்பு வரிசைப்படி அவர் நாற்காலி வருஷத்துக்கு ஒன்றாக முன்னே நகர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் தோற்றார்கள் அல்லது செத்தார்கள். செல்மர் இரண்டுக்கும் உருக்கமாகக் கடிதம் எழுதுவார். கூஸ் ஓடையின்மேல் பால் லாரி போகிற அளவுக்கு ஒரு பாலம் வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் முதல் தவணையிலேயே கேட்டார்கள். அவர் அதற்காக விடாமல் போராடி, ஆய்வுக்குமேல் ஆய்வாக வாங்கிக் கொடுத்தார். அந்த அறிக்கைகளை ஓடையில் அடுக்கியிருந்தால் அதன்மேலேயே லாரி போயிருக்கும்.

சட்டம் இயற்றவில்லையா? இயற்றினார். தபால் நிலையங்களுக்குப் பெயர் வைக்கும் சட்டங்கள். காங்கிரஸில் எதை எதிர்த்தாலும் தபால் நிலையத்துக்குப் பெயர் வைப்பதை எவரும் எதிர்க்க மாட்டார்கள். மாநிலத்தின் எல்லா உறுப்பினர்களும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்கூட, கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போரில் இறந்த வீரன், தபால் கொடுத்தே கால் தேய்ந்த ஊழியர், ஊருக்கு முதலில் கலப்பை கொண்டுவந்தவர் என்று செல்மர் பெயர் வைத்துக்கொண்டே போனார். ஒரு ஊரில் தபால் நிலையமே தீவனக் கடையின் மூலையில் ஒரு ஜன்னல்தான். அதற்கும் பெயர்ப் பலகை உண்டு. பலகை ஜன்னலைவிடப் பெரிது.

ஆனால் கவனியுங்கள். தொகுதியில் பெயர் இல்லாத தபால் நிலையம் ஒன்றே ஒன்று. அது அவருடைய சொந்த ஊரான ஹாலிங்ஸ்டாடில் இருப்பது. யார் யாரோ எத்தனையோ பெயரைச் சிபாரிசு செய்தார்கள். "பொறுமையா யோசிச்சு வைக்கணும்" என்று செல்மர் தள்ளிக்கொண்டே வந்தார். பதவியில் இருக்கும் உறுப்பினரின் பெயரை எந்தக் கட்டடத்துக்கும் வைக்கக்கூடாது என்பது சபையில் ஒரு வழக்கம். அந்தச் செங்கல் கட்டடத்தின் நெற்றியில் 'செல்மர் கிரிண்டால்' என்று வர வேண்டுமானால் செல்மர் கிரிண்டால் பதவியை விட வேண்டும். பதவியும் வேண்டும், பலகையும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் சிலைக்கு மாலை போட முடியுமா? அதனால் அந்தச் சுவர் வெறுமையாகவே கிடந்தது. ஏன் என்று ஊருக்கே தெரியும். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் அவர் மனைவி வெர்னாவைச் சொல்லியாக வேண்டும். முதல் தவணையின்போது வெர்னா ஒரு தட்டைப் படகு வாங்கினார். கணவன் திரும்பி வந்ததும் ஏரியில் சேர்ந்து மீன்பிடிக்கலாம் என்று. படகைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகையில் வைத்தார். தார்ப்பாய் கிழிந்தது, வேறு வாங்கினார். அதுவும் கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் அக்டோபரில் கீழ்த்தளத்தில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆர்லிஸ் கேட்கும் மூன்று தடவையையும் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, வசந்த காலத்தில் புதுத் தார்ப்பாய் வாங்குவார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

போன தேர்தலுக்கு முந்திய வருஷம் அக்டோபரில்தான் விபரீதம் நடந்தது. தொகுதியில் லேசாக ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. கிழவர் போதும் போதும் என்கிறார், நமக்கும் போதும்போல இருக்கிறதே என்று. லைல் அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். செல்மர் பயந்தார். பயந்தவன் என்ன செய்வான்? தெரிந்த வித்தையை இன்னும் ஓங்கிச் செய்வான். இந்தத் தடவை விலகலை உருக்கமாகச் செய்துவிடுவது, ஜனங்கள் பதறிப்போய்க் காலைப் பிடிக்கும்படி செய்துவிடுவது என்று முடிவெடுத்து, சோஃபாவில் உட்கார்ந்து ஒத்திகையே பார்த்தார்.

"குரல் எந்த எடத்துல ஒடையணும், லைல்?"

"ஒடையணுமா சார்? கொஞ்சம் அதிகமாப் போகுதோன்னு தோணுது."

"நம்ம ஜனங்களுக்குக் கொஞ்சம் அதிகமாச் சொன்னாத்தான் ஒறைக்கும்."

ஜனங்களைப் பற்றி அவர் சொன்ன கணிப்புகளில் பலித்தது அநேகமாக அது ஒன்றுதான்.

கீழ்த்தளத்தில் நீள மேஜைகள், வெண்ணெய் நாற்றம், காப்பி ஆவி. செல்மர் நடுங்கும் மீனைக் கிழங்கு ரொட்டியில் சுற்றி, மூச்சைப் பிடித்து விழுங்கினார். பிறகு முழங்காலைத் தட்டினார்.

"சரி, அப்படின்னா."

பேச்சு நின்றது. கரண்டிகள் நின்றன. வாரப் பத்திரிகையின் ஆசிரியர் பேனாவை எடுத்தார்.

"எனக்கும் வயசாயிருச்சு. மாடிப்படி ஏறினா நடுவுல ஒரு தடவ நிக்கறேன். எளவட்டங்க எவ்வளவோ பேர் இருக்காங்க. இந்தா, இவ" என்று வெர்னாவின் தோளில் கை வைத்தார். குரல் குறித்த இடத்தில் உடைந்தது. "இவ ஒரு படகு வாங்கி வச்சுட்டு எத்தன வருஷமாக் காத்துக்கிட்டிருக்கா. அந்தப் படகத் தண்ணியில எறக்கணும். இந்தத் தடவ நான் நிக்கல."

வெர்னா திரும்பிக் கணவன் முகத்தைப் பார்த்தார். படகு பேச்சுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்படிச் சொல்லாத, செல்மர்" என்றார் ஆர்லிஸ், மீன் தட்டோடு. "நீ இல்லாம எப்படி?"

"இல்ல ஆர்லிஸ். நேரம் வந்துருச்சு."

"நெஜமாத்தான் சொல்றியா? நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேன். மனசாரத்தான் சொல்றேன்" என்று சொல்லி, கண்ணையும் ஒருதரம் துடைத்துக்கொண்டார்.

துடைத்துவிட்டுக் காத்திருந்தார். 'இவ்வளவு சொல்றப்ப' என்ற வார்த்தை நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. பணிவான புன்னகை உதட்டோரத்தில் தயார். கடைசி மேஜையில் யாரோ இருமினார்கள்.

ஆர்லிஸ் தட்டைக் கீழே வைத்தார். கையை முன்துணியில் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"சரி, செல்மர். போயிட்டு வா" என்றார். "உன்ன நாங்கதான் போட்டு வருத்திருக்கோம். நீ ஒவ்வொரு தடவையும் போறேன் போறேன்னு கெஞ்சினே. நான்தான் விடாம மூணாவது தடவையும் கேட்டுக் கேட்டுப் புடிச்சு வச்சேன். வெர்னா என்ன மன்னிக்கணும். ஒரு மனுஷன் இவ்வளவு மனசாரச் சொல்றப்ப மறுபடி கேக்கறது பாவம்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும். பிறகு எழுந்து நின்று தட்டினார்கள். கூடைப்பந்துக்கல்லாமல் எதற்கும் எழுந்து நிற்காத ஜனங்கள் செல்மருக்காக நின்றார்கள். ஒரு வாழ்நாள் முழுக்க அவர் ஏங்கிய கைதட்டல் அது. நாற்காலியைப் பறித்துக்கொண்டு கொடுத்தார்கள்.

"நான் சும்மா சொன்னேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? தட்டில் இல்லாத துண்டைத் தானே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கொடுக்கிறவர்தான் கேட்க வேண்டும், மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்கலாம். ஆனாலும் செல்மர் நம்பிக்கை இழக்கவில்லை. விடைபெறும் வழக்கம் ஒன்று இருக்கிறதே. மேஜையிலிருந்து கார்வரைக்கும் எத்தனை இடத்தில் நிற்கலாம்.

கோட்டு மாட்டுமிடத்தில் பாதிரியாரைப் பிடித்தார். "தொகுதிதான் என்ன ஆகப்போகுதோ தெரியல" என்றார், ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடி.

"அதப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. கர்த்தர் பாத்துக்குவார்" என்று மறு கையையும் கோட்டுக்குள் நுழைத்து விட்டார் பாதிரியார்.

வாசலில் பால் பண்ணைக்காரர் ஹார்லன் நின்றிருந்தார். "கூஸ் ஓடைப் பாலத்த நெனச்சாத்தான் மனசு கேக்கல, ஹார்லன். பாதியில விட்டுட்டுப் போறமேன்னு."

"எங்க பாதி? ஆரம்பிக்கவே இல்லியே" என்றார் ஹார்லன், ஆறுதலாக. "பரவால்ல செல்மர், சுத்திப் போய்ப் பழகிருச்சு. வழியில மான் குறுக்க வரும், பாத்துப் போங்க."

எங்கள் ஊரில் அன்பாக விடைகொடுக்கும் வார்த்தை அதுதான். மான் வரும், பார்த்துப் போங்கள். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

செல்மர் காரில் ஏறி, சாவியைப் போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி, குளிரில் உட்கார்ந்திருந்தார். வெர்னா கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போது தேவாலயக் கதவு திறந்தது. ஆர்லிஸ், முன்துணியோடு, குளிரில் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"செல்மர், இரு, இரு. உன்கிட்ட ஒண்ணு கேக்க மறந்துட்டேன்."

செல்மரின் நெஞ்சு பதினெட்டு வயதுப் பையன் நெஞ்சுபோல அடித்தது. "கேளு ஆர்லிஸ்" என்றார்.

"மீன் நெறைய மிஞ்சிருச்சு. கொஞ்சம் எடுத்துட்டுப் போறியா?"



"வேண்டாம், ஆர்லிஸ்." வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக அவர் எதையும் சொன்னதில்லை.

"கொஞ்சம்தான். நாளைக்குச் சூடு பண்ணிக்கலாம்."

"சத்தியமா வேண்டாம்."

"அட, எடுத்துக்கோன்னு சொல்றேன்ல" என்று மூன்றாம் தடவையும் கேட்டு, ஒரு பெரிய தட்டு நிறைய மீனை ஜன்னல் வழியாக வெர்னாவின் மடியில் இறக்கிவைத்துவிட்டு, "மான் வரும், பாத்துப் போ" என்று சொல்லிக் கதவைத் தட்டி அனுப்பினார்.

கார் ஊர் எல்லையைத் தாண்டியது. வெர்னாவின் மடியில் மீன் வளைவுகளில் குலுங்கியது.

"ஆர்லிஸ் ரெண்டோட நிறுத்திட்டா" என்றார் செல்மர்.

"ஆமா. நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"நீயாவது மூணாவது தடவ கேட்டிருக்கலாம்."

"நானா?" என்றார் வெர்னா. "செல்மர், நான் எப்பவுமே மொதத் தடவகூடக் கேட்டதில்லையே."

மறுநாள் காலையில் செல்மர் லைலைக் கூப்பிட்டு, கீழ்த்தளத்தில் சொன்னதைக் கொஞ்சம் நெளித்து, வளைத்து, 'பரிசீலனையில் இருக்கிறது' என்று ஓர் அறிக்கை விட முடியுமா என்று கேட்டார்.

"முடியாது சார்."

"ஏன்? பத்திரிகை அச்சாயிருச்சா?"

"அதுகூடப் பரவால்ல சார். உங்கள வழியனுப்பறதுக்குக் கேக்குக்குச் சொல்லிட்டாங்க. உங்க பேரெழுதி, கீழ ஒரு படகு போட்டு."

செல்மர் நாற்காலியில் சாய்ந்தார். எங்கள் ஊரில் அரசியல் சாசனத்தைக்கூடத் திருத்தலாம். கேக்கைத் திருத்த முடியாது.

தவணை முடிந்த ஜனவரியில் அலுவலகத்தைக் காலி செய்தார். கதவருகே நின்ற பெட்டியைக் கடைசியாகத் தூக்கினார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அவ்வளவு வருஷம் தூக்காமல் வைத்தால் தோல் என்ன செய்யும்? பெட்டியை லைல்தான் கட்டியணைத்து லிஃப்டுக்குக் கொண்டுபோனார். நான் இவரை இத்தனை நேரம் கேலி செய்தேன்; அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் நடைபாதையில் நின்றதைக் கேள்விப்பட்டபோது எனக்கே பாவமாக இருந்தது.

வசந்தத்தில் படகு ஏரியில் இறங்கியது. மிதந்தது, அதுவே ஆச்சரியம். வெர்னா தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். செல்மர் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. புதிய உறுப்பினரின் வாஷிங்டன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி, நியூ ஜெர்சிக்காரர், விறுவிறுவென்று பேசினார்.

"வணக்கம் சார். ஹாலிங்ஸ்டாட் தபால் நிலையத்துக்கு உங்க பேர வைக்கலாம்னு எங்க மேடம் விரும்பறாங்க. எல்லா உறுப்பினருங்களும் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க. உங்களுக்குச் சம்மதமா?"

செல்மரின் கண்முன்னே அந்தச் செங்கல் சுவர் வந்தது. அதன் நெற்றியில் எழுத்துகள் வந்தன. உடம்பெல்லாம் ஒருதரம் சிலிர்த்தது. என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? ரத்தத்தில் ஊறிய வளர்ப்பு சும்மா விடுமா?

"ஐயய்யோ, அதெல்லாம் எதுக்கு? எனக்கு அந்தத் தகுதி எல்லாம் கெடையாதுங்க. வேண்டாம்."

"புரியுது சார். உங்க விருப்பத்த மதிக்கிறோம். நன்றி" என்று அவர் வைத்துவிட்டார்.

செல்மர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றார் வெர்னா, மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தபால் ஆபீஸுக்கு என் பேர வைக்கறாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன்."

"எத்தன தடவ கேட்டாங்க?"

"ஒரே தடவ."

வெர்னா இன்னொரு தூண்டிலை எடுத்து, புழுவை மாட்டி, அவர் கையில் கொடுத்தார். அவரைக் கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஹாலிங்ஸ்டாட் தபால் நிலையத்துக்கு இப்போது பள்ளிக்கூடத்து மல்யுத்தப் பயிற்சியாளரின் பெயர். அவரையும் அதே நியூ ஜெர்சிப் பெண்மணிதான் கேட்டாராம். மனிதர் முதல் தடவையே "சரி" என்றுவிட்டார். வளர்ப்பு சரியில்லாதவர். கூஸ் ஓடைப் பாலத்துக்குப் புதிய உறுப்பினர் புதிய ஆய்வு ஒன்று வாங்கியிருக்கிறார்.

செல்மரை நினைத்து நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதக் கூட்டத்தில், "இனிமே என்னால முடியாதுப்பா, வேற யாராவது பாத்துக்கட்டும்" என்று கணக்கு நோட்டை மேஜைமேல் வைத்தீர்களே, வைத்தபோது விரல் இரண்டை அதன்மேலேயே விட்டிருந்தீர்கள் இல்லையா? மகனிடம் "இனி வீட்டுப் பொறுப்பெல்லாம் உன்னோடதுதான்" என்று சாவிக்கொத்தை நீட்டி, அவன் நிஜமாகவே வாங்கிக்கொண்டபோது உங்கள் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை. வீட்டில் மற்றவர்கள் பார்த்தார்கள். குற்றம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு யோசனை மட்டும். அடுத்த தடவை முழங்காலைத் தட்டி எழுவதற்குமுன், எதிரே நிற்பவர் மூன்றாம் தடவையும் கேட்கிற ஜாதியா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். இல்லை, எழுந்தே விட்டேன் என்கிறீர்களா? சரி, வழியில் மான் குறுக்கே வரும். பார்த்துப் போங்கள்.